அறுபது ரூபாய் கமிஷனும் 37 நாள் முடங்கிய கணக்கும்

பல்லடம் ரோட்டில் டீக்கடையும் அதோடு ஒட்டிய சின்ன பேக்கரியும் நடத்துகிறேன். சுற்றிலும் பனியன் கம்பெனிகள். சனிக்கிழமை சம்பள நாள், அன்று சாயங்காலம் கடையில் நிற்க இடம் இருக்காது. 2025 ஜூன் 7 அப்படி ஒரு சனிக்கிழமை. ஏழு மணி வாக்கில் பைக்கில் ஒரு பையன் வந்தான். நம்மூர் பேச்சுதான். "அண்ணா, ஏடிஎம்ல காசு இல்லீங்க. ஆறாயிரம் ஜிபே பண்ணிடறேன், கேஷ் குடுங்க. ஆயிரத்துக்கு பத்து ரூபா சேத்திப் போட்டுடறேன்" என்றான். கல்லாவில் பணம் இருந்தது. ஸ்கேன் செய்தான். பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் பெட்டி "ஆறாயிரத்து அறுபது ரூபாய் பெறப்பட்டது" என்று சொன்னது. பன்னிரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எண்ணிக் கொடுத்தேன். ஒரு டீ கூடக் குடிக்காமல் போய்விட்டான். அந்த அறுபது ரூபாய்க்கு நான் கொடுத்த விலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜிபேக்குக் காசு கொடுப்பது எங்கள் ரோட்டில் எல்லோரும் செய்வதுதான். ஏடிஎம் தூரம், ஊருக்குப் பணம் அனுப்பும் பசங்களுக்கு ரொக்கம் வேண்டும், நமக்கும் நாளைக்கு பேங்க்குக்குப் போய்க் கட்டும் வேலை மிச்சம். யுபிஐ 2016-ல் வந்தபோது நான் கண்டுகொள்ளவே இல்லை. அந்த வருடம் நவம்பரில் பழைய நோட்டு செல்லாது என்றான பிறகும் நான் கடன் நோட்டில்தான் எழுதிக்கொண்டிருந்தேன். கொரோனாவுக்குப் பிறகுதான் க்யூஆர் அட்டை மாட்டினேன். சிறு கடைக்காரனிடம் கமிஷன் பிடிப்பதில்லை என்பதால் மறுக்கக் காரணமும் இல்லை. இப்போது கடை வரவில் முக்கால்வாசி போனில்தான் வருகிறது. நான் செய்த முதல் தப்பு, வீட்டுக்கும் கடைக்கும் ஒரே சேமிப்புக் கணக்கை வைத்திருந்தது. அடுத்தது, பெட்டி சொன்ன தொகையை மட்டும் கேட்டுக்கொண்டு போனைப் பார்க்காமல் விட்டது. பெட்டி தொகையைச் சொல்லும், யார் அனுப்பினார்கள் என்று சொல்லாது. பிற்பாடு எடுத்துப் பார்த்தபோது, அந்த ஆறாயிரத்து அறுபதை அனுப்பியவர் பெயர் ஏதோ வடநாட்டுப் பெண் பெயராக இருந்தது. அந்தப் பையன் பெயராக இருக்க வாய்ப்பே இல்லை.

பதினோரு நாள் கழித்து, ஜூன் 18 புதன்கிழமை காலை, பால்காரருக்கு 2,300 ரூபாய் அனுப்பினேன். போகவில்லை. சர்வர் டவுன் என்று நினைத்தேன். "சாயங்காலம் போடறேனுங்க" என்றேன். பத்து மணிக்கு மைதா மூட்டைக்காரருக்கும் போகவில்லை. மதியம் ஏடிஎம்மில் கார்டைச் சொருகினால் அதுவும் மறுத்தது. இதில் கொடுமை என்னவென்றால், அன்று முழுக்க பெட்டி ஓயவே இல்லை. "பதினைந்து ரூபாய் பெறப்பட்டது", "முப்பது ரூபாய் பெறப்பட்டது" என்று வழக்கம்போல சத்தம். பணம் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது, வெளியே மட்டும் ஒரு ரூபாய் வராது. இதற்கு டெபிட் ஃப்ரீஸ் என்று பெயர் என்பதே எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அந்த நிமிஷமே க்யூஆர் அட்டையைக் கழற்றியிருப்பேன். கழற்றாததால் அன்று ஒரு நாள் வரவு மட்டும் 4,300 ரூபாய் பூட்டிய உண்டியலுக்குள் போய் விழுந்தது. உங்களுக்கும் பணம் போகாமல், வரவு மட்டும் வந்துகொண்டிருந்தால், முதல் வேலையாக க்யூஆரைக் கவிழ்த்து வையுங்கள். காரணத்தை அப்புறம் தேடலாம்.

கணக்கில் அப்போது 1,31,000 ரூபாய் இருந்தது. பேக்கரிக்குப் புது ஓவன் வாங்குவதற்காக ஒரு லட்சம் சீட்டை 82,000-க்குத் தள்ளி எடுத்த பணமும் அதில்தான். மகளுக்குப் பத்தாம் வகுப்பு ஃபீஸ் 18,000 கட்ட வேண்டிய வாரம் அது. மறுநாள் பேங்க்குக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தி, "சைபர் ஃப்ரீஸ் சார். போலீஸ் கேஸ்" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர் என் கடையில் தினமும் டீ குடிப்பவர். அவர் காதில் விழுந்ததா இல்லையா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, ஆனால் அந்த நொடியில் உடம்பு கூசிப்போனது. எந்த போலீஸ், என்ன கேஸ் என்று கேட்டேன். "ஏதோ நார்த் ஸ்டேட், நீங்களே கேட்டுக்கோங்க" என்று ஒரு துண்டுச் சீட்டில் ஒரு போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். அந்த நம்பரை யாரும் எடுக்கவில்லை.

நடந்தது என்ன என்று முழுசாகப் புரிய எனக்கு மூன்று வாரம் ஆனது. சுருக்கமாகச் சொல்கிறேன். யாரோ ஒருவரை ஏமாற்றிப் பணம் பறிக்கிறார்கள். அவர் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்தோ, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ புகார் கொடுக்கிறார். பணம் எந்தக் கணக்குக்குப் போனது, அங்கிருந்து எங்கே போனது என்று வங்கிகள் தொடர்ந்து போய் வழியில் இருக்கும் கணக்குகளை நிறுத்துகின்றன. முதல் கணக்கு முதல் அடுக்கு, அடுத்தது இரண்டாம் அடுக்கு, இப்படி. திருடனுக்குக் கடைசியில் ரொக்கம் வேண்டும். ஏடிஎம்மில் எடுத்தால் கேமராவில் முகம் விழும். அதனால் என் மாதிரிக் கடைக்காரனிடம் வருகிறான். நான் நாலாவது அடுக்கில் இருந்தேன். பணத்தை இழந்தவர் ஒரு ஓய்வுபெற்ற முதியவர், "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று வீடியோ காலில் மிரட்டிப் பறித்த பணம் அது என்று பிற்பாடு தெரிந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் போன் செய்ததும் பணத்தை நிறுத்தப் பார்த்ததும் சரிதான், என் அப்பாவுக்கு அப்படி நடந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆறாயிரத்து அறுபதுக்காக ஒரு லட்சத்து முப்பத்தோராயிரத்தையும் பூட்டியதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தது என் பெரிய முட்டாள்தனம். நாலு தடவை போய் வந்த பிறகுதான், வெள்ளைத்தாளில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று புத்தி வந்தது. அதில் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: எந்த மாநிலத்தில் எந்தக் காவல் நிலையம், அதன் மின்னஞ்சல் முகவரி, புகார் எண், சந்தேகத்துக்குரிய தொகை எவ்வளவு, அது எந்தத் தேதியில் எந்தப் பரிவர்த்தனை, அதன் 12 இலக்க யுடிஆர் எண், அதாவது பரிவர்த்தனை எண், என்ன. கூடவே இன்னொன்றையும் கட்டாயம் கேளுங்கள்: அந்தத் தொகைக்கு மட்டும் பிடித்து வைத்திருக்கிறார்களா, அல்லது மொத்தக் கணக்கையும் நிறுத்தியிருக்கிறார்களா? முதலாவதை லீன் என்கிறார்கள். லீன் மட்டும் என்றால் மீதிப் பணத்தை நீங்கள் பாட்டுக்குப் புழங்கலாம். வாயால் கேட்டபோது நாலு நாள் சொல்லாத விவரத்தை, சீல் வைத்த கடிதத்துக்கு இரண்டே நாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள்.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. வீட்டில் சொல்லவில்லை. போலீஸ் கேஸ் என்றால் வீட்டம்மா பயந்துவிடுவாள் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அறுபது ரூபாய்க் கமிஷனைச் சொல்ல வெட்கம். ராத்திரி தூக்கம் வராமல் போனில் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு ரீல்ஸ் வந்தது. முடங்கிய கணக்கை 72 மணி நேரத்தில் திறந்து தருகிறோம், எல்லா மாநிலத்திலும் ஆள் இருக்கிறது என்று. பேசினேன். நல்ல தமிழ், பொறுமையான குரல். மொத்தம் 9,000, பாதி முன்பணம் என்றார். கடைக் கல்லாவிலிருந்து ரொக்கம் எடுத்து, நண்பன் போனிலிருந்து 4,500 அனுப்பினேன். மூன்றாவது நாள் அந்த நம்பர் என்னை பிளாக் செய்துவிட்டது. ஏமாந்தவன் பணத்தால் மாட்டியவன், மாட்டியதிலிருந்து வெளியே வரப் போய் இன்னொருவனிடம் ஏமாந்தேன். இதைச் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன், அன்றைக்கு கடைக்குப் பின்னால் கேஸ் சிலிண்டர் மேல் உட்கார்ந்து அழுதேன். கணக்கு முடங்கியவர்களைத் தேடிப் பிடிக்கவே இப்படிக் கூட்டம் இருக்கிறது. ஓடிபி கேட்பான், "போலீஸ் ஆபீசர்" என்று இன்னொருவனை லைனில் கொண்டுவருவான். வங்கி எழுத்தில் கொடுத்த முகவரியைத் தவிர வேறு யாரிடமும் பேச்சு வேண்டாம்.

ஒன்பதாவது நாள் வேறு வழி இல்லாமல் வீட்டில் சொன்னேன். அவள் கணக்கின் க்யூஆரைக் கடையில் மாட்ட வேண்டியிருந்தது. "ஏனுங்க, இதைச் சொல்ல ஒன்பது நாளாங்க?" என்று மட்டும் கேட்டாள். பிறகு பீரோவிலிருந்து பள்ளி ஃபீஸுக்கு ஒரு செயினை எடுத்து வைத்தாள். அதை அடகு வைக்க மனசு வராமல், தெரிந்த பைனான்ஸ்காரரிடம் மூணு ரூபாய் வட்டிக்கு 40,000 வாங்கினேன். முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த 4,500 போயிருக்காது, அவள் விட்டிருக்க மாட்டாள்.

அந்த வட மாநிலக் காவல் நிலையத்தில் போனை எடுத்தால் இந்தி. எனக்கு "நஹி மாலும்" தாண்டிப் போகாது. கடையில் பப்ஸ் போடும் ஒடிசா தம்பிதான் கை கொடுத்தான். அவன் தமிழ் அரைகுறை, ஆனால் இந்தி சரளம். மதியம் இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு, கையில் மைதாவோடு ஸ்பீக்கரில் பேசுவான். ஏழாவது அழைப்பில் விசாரணை அதிகாரி கிடைத்தார். தம்பி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "அண்ணா, கமிஷன் வாங்கினீங்களா கேக்கறார்" என்றான். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் சொல்வதற்கு முன்னாடியே, "சாட் ருபயா", அறுபது ரூபாய் என்று அவரிடம் சொல்லிவிட்டான். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "இமெயில் அனுப்பச் சொல்லுங்க, எல்லாத்தையும் எழுதச் சொல்லுங்க" என்றாராம். அவர் கெட்டவர் இல்லை. அவர் மேஜையில் என் மாதிரி எத்தனை பேர் என்று யாருக்குத் தெரியும்.

மின்னஞ்சலில் நடந்ததை நடந்தபடி எழுதினேன், அறுபது ரூபாய் உட்பட. ஸ்டேட்மெண்டில் தொகை 6,060 என்று இருக்கிறது, மறைத்தால் மற்றதையும் நம்ப மாட்டார்கள். ஆதார், பான், ஆறு மாத ஸ்டேட்மெண்ட், உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று, சிறுதொழில் பதிவான உத்யம் சான்று, கடை போர்டு தெரியும்படி ஒரு போட்டோ எல்லாம் இணைத்தேன். உத்யம் பதிவு அரசுத் தளத்தில் இலவசம், அதைச் சும்மா கிடக்கட்டும் என்று எப்போதோ எடுத்து வைத்தது அன்றைக்கு நான் நிஜமான கடைக்காரன் என்று காட்ட உதவியது. இல்லாதது ஒன்றுதான்: அந்தப் பையன் முகம். கேமராவில் 15 நாள் பதிவுதான் நிற்கும், அப்புறம் தானாக அழிந்துவிடும். நான் தேடியபோது ஜூன் 7 காணாமல் போயிருந்தது. ஜூன் 18 அன்றைக்கே காரணம் தெரிந்து எடுத்து வைத்திருந்தால், அவன் முகம், வண்டி நம்பர் எல்லாமே கிடைத்திருக்கும். கணக்கு நின்ற அன்றே, என்ன ஏது என்று தெரியாவிட்டாலும், கேமரா பதிவு முழுவதையும் பென் டிரைவில் ஏற்றிவிடுங்கள்.

கோர்ட் பக்கத்தில் வேலை செய்யும் வாடிக்கையாளர் ஒருவர் சொல்லித்தான் சட்டப் பக்கம் கொஞ்சம் தெரிந்தது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 102-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தில் 106-ஆவது பிரிவு, இதை வைத்துத்தான் காவல்துறை கணக்கை நிறுத்துகிறது. நிறுத்தினால் மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். விடுவிக்கச் சொல்லி அந்த மாஜிஸ்திரேட்டிடமே 503-ஆவது பிரிவில் மனுப் போடலாம். சந்தேகத்துக்குரிய தொகை இருக்க, மொத்தக் கணக்கையும் முடக்குவது சரியில்லை என்று 2023-ல் கேரள உயர் நீதிமன்றமும் 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. நான் கோர்ட்டுக்குப் போகவில்லை, அந்தத் தீர்ப்புகளைக் குறிப்பிட்டு "தொகையை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியை விடுங்கள்" என்று காவல் நிலையத்துக்கும் வங்கிக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்பினேன். வாரம் ஒரு தடவை அதே மின்னஞ்சல் தொடரில் ஞாபகப்படுத்தினேன். ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாமே என்று பலர் சொன்னார்கள். வங்கியில் எழுத்தில் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் அங்கே இலவசமாகப் புகார் செய்யலாம். ஆனால் போலீஸ் போட்ட பூட்டை அவர்கள் திறக்க மாட்டார்கள், வங்கி விவரம் தராமல் இழுத்தடித்தால்தான் அது பயன்படும்.

ஜூலை 18 வெள்ளிக்கிழமை காவல் நிலையத்திலிருந்து வங்கிக்கு மின்னஞ்சல் வந்தது, 6,060-க்கு மட்டும் லீன், மீதி விடுவிக்கலாம் என்று. அதை வங்கி பார்த்து, மேலே அனுப்பி, கீழே வந்து, கணக்கு திறக்க ஜூலை 25 ஆகிவிட்டது. 37 நாள். பால்காரருக்கு ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்தேன். போனது. அவர் உடனே போன் போட்டு, "என்னங்க, ஒத்த ரூபா வந்திருக்குது" என்றார்.

போனது என்ன என்று பிற்பாடு கடன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். லீனில் நிற்கும் 6,060. ரீல்ஸ்காரனுக்கு 4,500. கூலிங் ஷோகேஸ் கடனின் தவணை இரண்டு தடவை பவுன்ஸ், ஜிஎஸ்டியோடு 590 வீதம் 1,180. இரண்டு மாத வட்டி 2,400. ஆகமொத்தம் 14,140. சீட்டில் தள்ளிய 18,000-ஐ இதில் சேர்க்கவில்லை, ஆனால் ஓவன் வாங்கும் வேலை தீபாவளிக்குப் பிறகு என்று தள்ளிப்போனது அதனால்தான். சிபில் ஸ்கோர் எவ்வளவு இறங்கியது என்று பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

இப்போது கடைக்குத் தனி நடப்புக் கணக்கு. ராத்திரி கடை அடைக்கும்போது மறுநாள் சரக்குக்கு வேண்டியதை மட்டும் விட்டுவிட்டு, மீதியை இன்னொரு வங்கியில் வீட்டுக் கணக்குக்கு மாற்றிவிடுகிறேன். ஒன்று நின்றாலும் அடுப்பு எரியும். ஐந்நூறுக்கு மேல் யார் அனுப்பினாலும் போனில் பெயரைப் பார்க்கிறேன். தெரியாமல் கூடுதலாக அனுப்பிவிட்டேன், திருப்பிப் போடுங்கள் என்பவர்களுக்கு என் கையால் திருப்பி அனுப்புவதில்லை, உங்கள் பேங்க்கில் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள் என்று விடுகிறேன். இதற்குப் பயந்து க்யூஆரையே கழற்றிவிடு என்று மாமா சொன்னார். 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் யுபிஐ பரிவர்த்தனை 2,000 கோடியைத் தாண்டியது. பத்து ரூபாய் வடைக்கும் போனை நீட்டும் காலத்தில் கழற்றிவிட்டு எங்கே போவது?

போன சனிக்கிழமை ஹெல்மெட்டோடு ஒருவர் வந்து இரண்டாயிரத்துக்கு ரொக்கம் கேட்டார். இல்லீங்க என்றேன். முகத்தைச் சுளித்துவிட்டுப் பக்கத்து மொபைல் கடைக்குப் போனார். அங்கே பெட்டி "இரண்டாயிரத்து இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று சொன்னது என் கடை வரைக்கும் கேட்டது. கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் டீயை எடுத்துக்கொண்டு போய், கடைக்கார அண்ணனிடம் என் கதையைச் சொன்னேன். பாதியில் நிறுத்தி, "இரண்டாயிரம்தானே விடுங்க" என்றார். கேமரா பதிவையாவது எடுத்து வையுங்க என்றேன். சரிங்க என்று தலையாட்டினார், எடுத்தாரா என்று தெரியாது.